இன்டர்னல் மார்க்: யார் கையில் இருக்கிறது அந்த 25?

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படிக்கிற நம் பிள்ளைகளிடமும், ஐடிஐயில் கோபா பிரிவில் இருக்கிறவர்களிடமும் உட்கார்ந்து பேசிப் பாருங்கள் தோழர்களே. கேள்வித்தாள் கடினம் என்கிற புலம்பல் கொஞ்ச நேரத்தில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியமான பேச்சு. "லேப் சார் இன்டர்னல்ல கை வச்சிட்டார்", "எதிர்த்துப் பேசினா இன்டர்னல் போயிடும்", "ரெக்கார்டுல கையெழுத்து வாங்க நாலு நாள் நின்னேன்." இதில் எதுவும் புகார் மனுவாக எழுதப்படுவதில்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

உள்மதிப்பீடு என்பது வானத்திலிருந்து விழுந்த ஏற்பாடு கிடையாது. அதை யார் கேட்டார்கள், எதற்காகக் கேட்டார்கள், கேட்டது எப்படி உருமாறி நம் வகுப்பறைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சாதியைப் பற்றி ஒரு வரிகூட யோசிக்காத பெரிய மனிதர்கள் நிறைய வருகிறார்கள்.

1857-ல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் தொடங்கியபோது அவை பாடம் நடத்தவில்லை. லண்டன் பல்கலைக்கழகத்தைப் பார்த்து அமைக்கப்பட்ட அவற்றின் வேலை, தேர்வு வைப்பதும் பட்டம் கொடுப்பதும்தான். பாடம் சொல்கிறவர் ஒருவர், தாள் திருத்துகிறவர் வேறொருவர். இந்த ஏற்பாட்டைக் கல்வியாளர்கள் நூறு ஆண்டுகளாகத் திட்டி வருகிறார்கள். மனப்பாடத்தை வளர்த்தது, பரீட்சைக்காகப் படிக்க வைத்தது என்பதெல்லாம் உண்மைதான். அந்தத் தேர்வு மண்டபத்துக்குள் நுழைய ஆங்கிலமும் கட்டணமும் வேண்டும் என்பதால் நம்மில் பெரும்பாலோர் வாசலிலேயே நின்றோம் என்பதும் உண்மை. ஆனால் நுழைந்துவிட்டவனுக்கு அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அவனைத் தினமும் பார்த்து, அவன் எந்தத் தெருவிலிருந்து வருகிறான் என்று அறிந்தவர் அவனுடைய தாளைத் திருத்தவில்லை.

அண்ணல் அம்பேத்கரின் பள்ளி வாழ்க்கையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படியுங்கள். வீட்டிலிருந்து கொண்டுபோன சாக்குத்துணியில் தனியாக உட்கார வைக்கப்பட்டார். சமஸ்கிருதம் மறுக்கப்பட்டதால் பாரசீகம் எடுத்தார். பம்பாயில் எல்பின்ஸ்டன் பள்ளியில் படித்தபோது, கரும்பலகைக்குப் பின்னால் வைத்திருந்த சாப்பாட்டுப் பாத்திரங்கள் தீட்டாகிவிடும் என்று சக மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். 1907-ல் அவர் மெட்ரிகுலேஷன் தேறினார். அந்தத் தேர்வை நடத்தியது பம்பாய்ப் பல்கலைக்கழகம். அதில் நூற்றுக்கு இருபத்தைந்தைப் பள்ளிக்கூட ஆசிரியர்களே போட வேண்டும் என்று விதி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகு மூன்று கமிஷன்கள் வந்தன. 1948-49-ன் ராதாகிருஷ்ணன் கமிஷன், பல்கலைக்கழகக் கல்வியில் ஒரே ஒரு சீர்திருத்தம் செய்ய வேண்டுமென்றால் அது தேர்வுச் சீர்திருத்தமே என்றது. ஒவ்வொரு பாடத்திலும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை ஆண்டு முழுவதும் செய்த வகுப்பு வேலைக்கு ஒதுக்கச் சொன்னது. 1952-53-ல் நம்மூர் லட்சுமணசாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்விக் கமிஷன், வெளித்தேர்வுகளைக் குறைத்து, பள்ளி வைத்திருக்கும் பதிவேடுகளுக்கும் உள்தேர்வுகளுக்கும் மதிப்புக் கொடுக்கச் சொன்னது. ஆசிரியரைவிட மாணவனை நன்கு அறிந்தவர் யார் என்பதுதான் இந்த வாதங்களின் அடித்தளம். நமக்கு அந்த 'நன்கு அறிதல்'தான் பிரச்சினையே.

1964-66-ன் கோத்தாரி கமிஷன் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கையாக இருந்தது. உள்மதிப்பீடு வேண்டும், ஆனால் அதை வெளித்தேர்வு மதிப்பெண்ணோடு கூட்டிவிடாதீர்கள், சான்றிதழில் இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள் என்றது. பள்ளிகள் தாராளமாக அள்ளிப் போட்டுவிடும் என்பதே அதன் கவலை. காரணம் எதுவாக இருந்தாலும் ஆலோசனை நல்லது. இரண்டும் அருகருகே நிற்கும்போது வெளித்தேர்வில் 68 வாங்கியவன் உள்மதிப்பீட்டில் மட்டும் ஏன் 11 வாங்கினான் என்று பார்க்கிறவன் கேட்பான். நடைமுறையில் நாம் கூட்டித்தான் வைத்திருக்கிறோம். தேர்ச்சியும் தரவரிசையும் கூட்டுத்தொகையில்தான் ஓடுகின்றன.

தொழிற்கல்வியின் கதை தனி. 1942-ல் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், அந்த ஆண்டு அக்டோபரில் லின்லித்கோ பிரபுவுக்கு ஒரு நீண்ட மனு கொடுத்தார். பட்டியல் சாதியினரின் குறைகளைச் சொன்ன அந்த மனுவில், அறிவியல் மற்றும் தொழில்நுட்பப் படிப்புக்கு உதவித்தொகை வேண்டும் என்றும், அரசு அச்சகங்களிலும் ரயில்வே பட்டறைகளிலும் நம் பிள்ளைகளை அப்ரண்டிஸாக எடுக்க வேண்டும் என்றும் கேட்டார். 1944-ல் பட்டியல் சாதியினருக்கான மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்றுவரை பாலிடெக்னிக் வாசலை நமக்குத் திறந்துவைப்பது அந்தப் பணம்தான். 1950-ல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்தது. அதுதான் இன்றைய ஐடிஐ.

பட்டறையில் கற்பதை மூன்று மணி நேர எழுத்துத் தேர்வால் அளக்க முடியாது. ஃபிட்டர் பிடித்த அரத்தையும் வெல்டர் போட்ட பற்றவைப்பையும் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். ஆகவே தொழிற்கல்வியில் உள்மதிப்பீடு தவிர்க்க முடியாதது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யார் பக்கத்தில் நின்று பார்க்கிறார்? அஜந்தா சுப்பிரமணியன் 2019-ல் வெளியிட்ட 'தி காஸ்ட் ஆஃப் மெரிட்' நூலில், காலனிய காலச் சென்னை மாகாணத்தில் தொழில்நுட்பக் கல்வி எப்படி இரண்டாகப் பிளந்தது என்று காட்டுகிறார். கையால் வேலை செய்து வந்த சாதிகளுக்கு அரிதாகவே எட்டிய பொறியியல் கல்லூரி ஒரு பக்கம், தொழிற்பள்ளி இன்னொரு பக்கம். சுத்தியலைப் பரம்பரையாகப் பிடித்தவனை, அதை ஒருநாளும் பிடிக்காதவர் மதிப்பிடும் ஏற்பாடு அப்போதே தொடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் வந்தபோது இது மாறும் என்று நம்மில் பலர் நினைத்தோம். விசைப்பலகைக்குச் சாதி கிடையாது, புரோகிராம் ஓடினால் ஓடுகிறது, இல்லையென்றால் இல்லை. 'அவுட்புட்' பொய் சொல்லாது என்று எண்ணினோம்.

அவுட்புட் பொய் சொல்லவில்லைதான். ஆனால் மதிப்பெண் அவுட்புட்டுக்கு மட்டும் போடப்படுவதில்லை. 2015-16-ல் தொடங்கிய எம் திட்டத்தில் படித்த பாலிடெக்னிக் மாணவரின் செய்முறைப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 100-ல் உள்மதிப்பீடு 25. அதில் வருகைக்கு 5, ஆய்வகத்தில் செய்த வேலைக்கும் அப்சர்வேஷன் நோட்டுக்கும் 10, ரெக்கார்டு எழுதியதற்கு 10. எழுத்துப் பாடத்தில் வருகைக்கு 5, டெஸ்டுக்கு 10, அசைன்மென்டுக்கு 5, செமினாருக்கு 5. காகிதத்தில் பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

வருகையிலிருந்து தொடங்குவோம். 80 முதல் 83 சதவீதம் வரை வந்தால் 1 மதிப்பெண், 84 முதல் 87 வரை 2, 88 முதல் 91 வரை 3, 92 முதல் 95 வரை 4, 96-க்கு மேல் 5. இது ஒன்றுதான் ஆசிரியரின் விருப்பத்துக்கு இடமில்லாத பகுதி என்று சொல்வார்கள். நடவு நேரத்தில் அம்மாவோடு நாற்று நடப் போனவனுக்கும், சேரிக்குள் வராத பஸ்ஸுக்காக மெயின்ரோடு வரை நடந்து முதல் பீரியடைத் தவறவிட்டவளுக்கும், உதவித்தொகை வராததால் 'ஃபீஸ் கட்டிட்டு உள்ளே வா' என்று வெளியே நிறுத்தப்பட்டவனுக்கும் இந்த அட்டவணை ஒரே மாதிரி பொருந்துகிறது. கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். உதவித்தொகையைத் தாமதமாக அனுப்புவது அரசு, வெளியே நிறுத்துவது நிர்வாகம், ஆப்சென்ட் விழுவது பிள்ளைக்கு. பிறகு அதே ஆப்சென்ட் ஒவ்வொரு பாடத்திலும் மதிப்பெண்ணாகக் கழிகிறது.

அடுத்தது ரெக்கார்டு. கம்ப்யூட்டர் பாடத்தில் ரெக்கார்டு என்றால் நோக்கம், அல்காரிதம், புரோகிராம், அவுட்புட் ஆகியவற்றை எழுதி அல்லது அச்செடுத்து ஒட்டிய நோட்டு. வீட்டில் பிரிண்டர் இல்லாதவனுக்கு ஒவ்வொரு பக்கமும் காசு. புரோகிராம் சரியாக ஓடியது என்பதற்கு ஆய்வகத்தில் சாட்சி ஒருவர்தான், அந்த விரிவுரையாளர். அவர் அன்றே அப்சர்வேஷனில் கையெழுத்துப் போட்டால்தான் ரெக்கார்டில் ஏற்ற முடியும். 'நாளைக்கு வா' என்று சொல்வதற்கு விதியும் தேவையில்லை, காரணமும் தேவையில்லை. நான்கு நாள் அலையவிட்டுவிட்டு 'லேட் சப்மிஷன்' என்று நான்கு மதிப்பெண் குறைத்தால், அதில் சாதியை எங்கே நிரூபிப்பீர்கள்? தனிக் குவளையாவது கண்ணுக்குத் தெரிந்தது.

இந்தக் கணக்கில் இன்னொரு ரகசியமும் இருக்கிறது. பெரும்பாலான தனியார் நிறுவனங்களில் தேர்ச்சி விழுக்காட்டுக்காக எல்லோருக்கும் 22, 23 என்று அள்ளிப் போடுவது ஊரறிந்த விஷயம். மதிப்பெண் இப்படி வீங்கிக் கிடக்கும் வகுப்பில் ஒருவனுக்கு 14 போடுவது என்பது சாதாரண மதிப்பீடு அல்ல, தண்டனை. எல்லோருக்கும் 14 போடும் கண்டிப்பான ஆசிரியரைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. எல்லோருக்கும் தாராளமாகக் கொடுத்துவிட்டு, அந்தத் தாராளத்தை யாருக்கு மறுப்பது என்று தேர்ந்தெடுக்கிற அதிகாரம்தான் நம் கழுத்தில் இருக்கிறது.

ஐடிஐ பக்கம் போனால் சொற்களே வெளிப்படையாக இருக்கின்றன. கோபா, அதாவது கம்ப்யூட்டர் ஆபரேட்டர் அண்டு புரோகிராமிங் அசிஸ்டென்ட், ஓராண்டுப் பயிற்சி. அதன் மத்திய அரசுப் பாடத்திட்டத்தில் மதிப்பீட்டு வழிகாட்டுதல் என்று ஒரு பகுதி உண்டு. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் தனி போர்ட்ஃபோலியோ வைக்க வேண்டும். ஆய்வகத்தில் செய்த வேலை, தினசரி டைரி, வாய்மொழித் தேர்வு, வருகையும் நேரம் தவறாமையும், அசைன்மென்ட், புராஜெக்ட் எல்லாம் மதிப்பீட்டுக்கான சான்றுகள். செய்முறைத் தேர்விலும் இந்த உள்மதிப்பீட்டிலும் குறைந்தது 60 சதவீதம் வாங்கினால்தான் தேர்ச்சி, மற்றவற்றில் 33 போதும். அதாவது வெளியாள் திருத்தும் தாளில் கோடு தாழ்வாகவும், உள்ளூர் ஆள் போடும் மதிப்பெண்ணில் கோடு உயரமாகவும் இருக்கிறது. மதிப்பிடும்போது குழுவாக வேலை செய்வது, கழிவைக் குறைப்பது, ஒழுங்கான வருகை ஆகியவற்றோடு 'நடத்தை மனப்பான்மை'யையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அந்த ஆவணம்.

நடத்தை மனப்பான்மை! எழுதியவர் தில்லியில் உட்கார்ந்து, தொழிற்சாலையில் சண்டை போடாமல் வேலை செய்கிறவனைத்தான் நினைத்திருப்பார். தென் மாவட்டத்து ஐடிஐ ஒன்றில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சட்டைப் பையில் அண்ணல் படம் வைத்திருப்பது என்ன மனப்பான்மை? 'டேய்' என்று கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது? கையில் கயிறு கட்டிக்கொண்டு வரும் ஆதிக்கச் சாதிப் பையனோடு ஒரே மேசையில் உட்கார மறுத்தால் அது குழுவாக வேலை செய்யாத குற்றமா? குனிந்து நிற்பதை நல்ல நடத்தை என்று நூற்றாண்டுகளாகக் கற்றுக்கொண்ட ஒரு சமூகத்தின் கையில் இந்தச் சொல்லைக் கொடுத்து, அதற்கு மதிப்பெண்ணும் போடச் சொல்கிறார்கள்.

ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியைப் பற்றி விசாரித்த சுகதேவ் தோரட் குழு 2007-ல் கொடுத்த அறிக்கை இருக்கிறது. அங்கு பேசிய பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களில் பெரும்பாலோர் செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் மதிப்பீடு நேர்மையாக இல்லை என்றார்கள். நாட்டின் முதல்தர மருத்துவ நிறுவனத்திலேயே இந்த நிலை.

இன்னொரு ஆய்வைச் சொல்ல வேண்டும், அது நமக்குச் சங்கடம் தரும் என்றாலும். ரேமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இந்தியாவில் நடத்திய சோதனை 2012-ல் வெளியானது. விடைத்தாள்களின் முகப்பில் சாதியை அவர்களே குலுக்கல் முறையில் எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். தாழ்ந்த சாதி என்று குறிக்கப்பட்ட தாள்களுக்கு மதிப்பெண் குறைந்தது. இடைவெளி சிறியதுதான், ஆனால் இருந்தது. ஆதிக்கச் சாதி ஆசிரியர்கள்தான் குறைத்தார்கள் என்று நாம் எதிர்பார்ப்போம். அந்த ஆய்வில் அப்படி வரவில்லை. குறைத்ததில் பெரும்பங்கு தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த ஆசிரியர்களுடையது. இதை மறைத்துவிட்டு எழுதினால் மேடையில் கைத்தட்டு கிடைக்கும், பிள்ளைகளுக்கு எதுவும் கிடைக்காது. 'நம்ம பையன் இவ்வளவுதான் எழுதுவான்' என்கிற எண்ணத்தை நம்மில் படித்து மேலே வந்தவர்களின் தலைக்குள்ளும் சாதி வைத்திருக்கிறது. ஆகவே 'நம் ஆள் ஆசிரியராக வந்தால் சரியாகிவிடும்' என்பது முழுத் தீர்வு ஆகாது. பெயரும் முகமும் தெரியாமல் திருத்துவது, திருத்தியதை இன்னொருவர் சரிபார்ப்பது என்கிற ஏற்பாடு தேவை.

இந்த ஏற்பாடு உலகத்தில் இல்லாததா? இங்கிலாந்தில் 1990-களில் ஜிஎன்விக்யூ என்ற தொழிற்கல்விச் சான்றிதழ் வந்தது. அதன் ஐடி பாடம் பெரும்பாலும் கோர்ஸ்வொர்க்தான். இடைநிலை ஜிஎன்விக்யூ ஒன்று நான்கு ஜிசிஎஸ்இ-க்குச் சமம் என்று கணக்கிட்டதால், பள்ளிகள் தரவரிசைக்காகப் பிள்ளைகளை அதில் தள்ளின. பிறகு வந்த இதே வகைப் படிப்புகளையும் சேர்த்து, 2011-ல் ஆலிசன் வுல்ஃப் கொடுத்த அறிக்கை இதைக் கடுமையாகச் சாடியது. அங்கேயும் ஊழல் உண்டு, அங்கேயும் பாகுபாடு உண்டு. கறுப்பினக் கரீபியப் பிள்ளைகளுக்கு வெளித்தேர்வில் வருவதைவிட ஆசிரியர் மதிப்பீட்டில் குறைவாக விழுகிறது என்று சைமன் பர்ஜஸ், எல்லன் கிரீவ்ஸ் இருவரும் காட்டினார்கள். ஆனால் அங்கே ஆசிரியர் போட்டது இறுதி இல்லை. ஒரே பள்ளியில் பல ஆசிரியர்கள் திருத்தினால் முதலில் தங்களுக்குள் ஒப்பிட்டுச் சமன் செய்ய வேண்டும். தேர்வு வாரியத்தின் மாடரேட்டர் மாணவர் வேலைகளின் மாதிரியை வாங்கிப் பார்ப்பார், பொருந்தவில்லை என்றால் மொத்த மதிப்பெண்ணையும் மாற்றுவார். மதிப்பெண்ணை வாரியத்துக்கு அனுப்புவதற்கு முன்பே மாணவனிடம் சொல்ல வேண்டும், அவன் மறுபரிசீலனை கேட்கலாம். 1984-ல் நம் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் கொண்டுவந்த கிளாஸ் திட்டத்தில் பிபிசி மைக்ரோ இயந்திரத்தை அங்கிருந்துதான் வாங்கினோம். இந்தப் பழக்கத்தை மட்டும் வாங்க மறந்துவிட்டோம்.

உள்மதிப்பீட்டை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிளஸ் டூ கணினி அறிவியலை எடுத்துக்கொள்ளுங்கள். 70 எழுத்து, 20 செய்முறை, 10 அகமதிப்பீடு. எழுத்தில் குறைந்தது 15 வாங்கி மொத்தம் 35 வந்தால் தேர்ச்சி. மீதி 30-ஐ நம்பித்தான் முதல் தலைமுறைப் பிள்ளைகள் பலர் கரையேறுகிறார்கள், அதைப் பிடுங்கினால் விழுவது நாம்தான். 2021-ல் கொரோனாவால் பொதுத்தேர்வு ரத்தானபோது பத்தாம் வகுப்புக்கு 50, பதினொன்றுக்கு 20, பன்னிரண்டின் செய்முறைக்கும் அகமதிப்பீட்டுக்கும் 30 என்று கணக்கிட்டார்கள். ஒரே ஆண்டில் மாநிலம் முழுவதும் பள்ளி ஆசிரியரின் பேனா முப்பது சதவீதமானது. அண்ணா பல்கலைக்கழகமோ 2017 ஒழுங்குமுறையில் 20 ஆக இருந்ததை 2021-ல் எழுத்துப் பாடங்களுக்கு 40 ஆக்கிவிட்டது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிகிறது. பங்கு கூடக்கூட, கண்காணிப்பும் கூட வேண்டும் அல்லவா? நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, உதவித்தொகை விவரத்தை வகுப்பில் வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்றது. அதை ஐடிஐக்கும் பாலிடெக்னிக்குக்கும் கொண்டுபோனாலே பாதி வேலை நடக்கும். யுஜிசியின் 2012 சமத்துவ ஒழுங்குமுறைகள்கூட ஐடிஐ வாசலைத் தொடுவதில்லை.

அதுவரை கையில் இருப்பதைப் பயன்படுத்துவோம். 2011 ஆகஸ்டில் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்திய விடைத்தாளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பார்க்கத் தேர்வருக்கு உரிமை உண்டு என்றது. உங்கள் டெஸ்ட் தாளும், அசைன்மென்டும், வருகைப் பதிவேட்டில் உங்கள் வரியும், உள்மதிப்பீட்டுப் பிரிவு வாரி மதிப்பெண்ணும் ஆவணங்கள்தான். மொத்த மதிப்பெண்ணைக் கேட்காதீர்கள், ஒவ்வொரு பிரிவிலும் எவ்வளவு என்று கேளுங்கள். அரசு நிறுவனம் என்றால் அங்குள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு, சுயநிதி என்றால் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்துக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். ஐடிஐ மாணவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: உள்மதிப்பீட்டுச் சான்றுகளை அடுத்த தேர்வு வரை தணிக்கைக்காகப் பாதுகாக்க வேண்டும் என்று பாடத்திட்டமே சொல்கிறது. அதற்குப் பிறகு கேட்டால் 'அழித்துவிட்டோம்' என்பார்கள். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிய அன்றே ஒவ்வொரு பக்கத்தையும் தேதி தெரியும்படி போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் நமக்கு எழுதினால் மாதிரி அனுப்புகிறோம்.